குதிரை லாயமும் மோட்டார்க் கொட்டகையும்

பெரிய மனிதர் ஒருவருடைய மாளிகையின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் முன்வாசல் வழியாக நுழைவதில் அவ்வளவு பிரயோஜனம் இல்லை. அங்கே படங்களும் பளிங்கும் கண்ணைப் பறித்துவிடும். சற்றுச் சுற்றிக்கொண்டு கொல்லைப் புறமாகப் போக வேண்டும். குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும் பால் அறையும் அங்கேதான் இருக்கும். அந்த மாளிகை யாருடைய உழைப்பினால் நடந்தது, எந்தக் காலத்தில் எப்படி மாறிற்று என்பதை அவைதாம் சொல்லும்.

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மூலையில், டன்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே மாண்டர்ஸ்டன் என்ற மாளிகை இருக்கிறது. அதன் சொந்தக்காரரான ஸர் ஜேம்ஸ் மில்லருக்குத் தகப்பனார் வைத்துப் போன செல்வம், ருஷ்யாவுடன் சணலும் ஹெர்ரிங் மீனும் வியாபாரம் செய்து திரட்டியது. மகனுக்கோ குதிரைப் பந்தயமே உயிர். 1890-ம் வருஷத்திலும் 1903-ம் வருஷத்திலும் இவருடைய குதிரைகள் டெர்பி பந்தயத்தை வென்றன. இவர் 1893-ல் மணந்த ஈவ்லின் அம்மையார் நமக்குத் தெரியாத குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. பின்னால் நமக்கு ராஜப்பிரதிநிதியாக வந்து சேர்ந்த கர்ஸான் பிரபுவின் சகோதரிதான் அவர்.

இந்தத் தம்பதிகளுக்காக ஜான் கின்ராஸ் என்ற சிற்பி 1895-ல் ஒரு குதிரை லாயம் கட்டிக் கொடுத்தார். குதிரைகள் நிற்கும் தடுப்புகளெல்லாம் தேக்கு மரம். கம்பங்களின் உச்சியில் பித்தளைக் குமிழ்கள். ஆங்கிலேயர் தேக்குக்கு வழங்கும் சொல்லே நம் பக்கத்து மலையாளத்திலிருந்து போனது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு குதிரைக்கும் மேலே அதன் பெயரைப் பளிங்குப் பலகையில் பொறித்து வைத்தார்கள். குதிரைக்கு இதைவிடச் சிறந்த மாளிகை உலகத்தில் இராது என்று பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள்.

காலதேவனுக்கு வேடிக்கை செய்வதில் பிரியம் அதிகம். அதே 1895-ம் வருஷக் கடைசியில், அதே எல்லைப்புறப் பிரதேசத்தில், கெல்ஸோ நகருக்கு அருகே கிளிப்டன் பார்க் என்னும் இடத்தில் வசித்த எலியட் என்ற கனவான் பிரான்ஸ் தேசத்திலிருந்து ஒரு 'பானார்' மோட்டார் வண்டியை வரவழைத்தார். ஸ்காட்லாந்துச் சாலைகளில் முதன் முதலில் ஓடிய மோட்டார்களில் அது ஒன்று. அக்காலத்துச் சட்டப்படி இயந்திர வண்டி கிராமத்தில் மணிக்கு 4 மைலும் நகரத்தில் 2 மைலும்தான் போகலாம்; முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும். எலியட் அப்படி ஆள் வைக்காமல் பெர்விக் நகருக்குள் ஓட்டிச் சென்றார். 1896 ஜனவரியில் நடந்த இந்தக் குற்றத்துக்கு அபராதம் ஆறு பென்ஸ்! அவ்வருஷம் நவம்பரிலேயே சட்டம் தளர்ந்து, 14 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டது.

கிளாஸ்கோவில் ஜார்ஜ் ஜான்ஸ்டன் என்ற ரயில் என்ஜின் நிபுணரும் சொந்தமாக மோட்டார் செய்யத் தொடங்கினார். 'ஆரல்-ஜான்ஸ்டன்' என்று பெயர் பெற்ற அந்த வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால், குதிரையை அவிழ்த்து விட்டுவிட்ட வண்டி என்றே தோன்றும். ஆகையால் பழைய வண்டிக் கொட்டகையிலேயே அதை நிறுத்துவதில் ஆட்சேபம் என்ன இருக்க முடியும்?

ஆட்சேபம் இருந்தது. லாயத்துக்கு மேலே வைக்கோல் பரண், மோட்டாருக்குள்ளே பெட்ரோல். இரண்டும் ஒரு கூரையின் கீழ் இருந்தால் ஒரு பொறி போதும். ஆகவே, இரண்டு காலன் தகரங்களில் வந்த பெட்ரோலுக்குத் தனியாக ஒரு சிறு அறை தூரத்தில் எழுந்தது. வண்டியின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கத் தரையில் பள்ளம் வெட்டினார்கள். குளிர் காலத்தில் மோட்டாரில் உள்ள தண்ணீர் உறைந்து பாகங்கள் வெடிக்காதிருக்க, வெந்நீர்க் குழாய்களைச் சுவரோரமாக ஓட்டினார்கள். மனிதர்கள் படுக்கும் அறையில் கணப்பு உண்டோ இல்லையோ, மோட்டாருக்கு உண்டு! இப்படிப் பிறந்த கட்டடத்துக்குப் பெயரும் பிரெஞ்சு மொழியிலிருந்தே வந்தது: 'காரேஜ்', அதாவது ஒதுக்கி வைக்கும் இடம். ஓட்டுகிறவனுக்கு வந்த 'ஷோபர்' என்ற பெயருக்கோ, அடுப்பெரிப்பவன் என்று பொருள்.

இந்த ஷோபர் வந்ததும் கஷ்டம் ஆரம்பமாயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கடிவாளம் பிடித்த வண்டிக்காரன் என்ன செய்வான்? சில எஜமானர்கள் அவனையே மோட்டார்த் தொழிற்சாலைக்கு அனுப்பிக் கற்று வரச் செய்தார்கள். ஆனால், லாயத்தில் குதிரை தேய்த்த பையன்கள் பலருக்குக் காரேஜில் இடம் கிடையாது. 1914-ல் யுத்தம் மூண்டபோது, மிஞ்சிய குதிரைகளையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. பையன்களும் போர்முனைக்குப் போனார்கள். இரு சாராரிலும் திரும்பி வராதவர்கள் அநேகர்.

ஸர் ஜேம்ஸ் இவற்றையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. வெள்ளி முலாம் பூசிய கைப்பிடியுடன் மாடிப்படி அமைத்து அவர் மாளிகையைப் புதுப்பித்து முடித்தது 1905-ல். மைத்துனர் கர்ஸான் வங்காளத்தை இரண்டாகப் பிளந்ததும் அதே வருஷந்தான். 1906 ஜனவரியில் ஸர் ஜேம்ஸ் காலமானார். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மாளிகையில் அவர் அனுபவித்தது சில வாரங்களே.

பிற்காலத்தில் ஸ்காட்லாந்தில் எத்தனையோ மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். ஆயினும் கொல்லைப் புறத்து லாயங்களும் கொட்டகைகளும் பல இடங்களில் தப்பிப் பிழைத்தன. குடும்பங்கள் வசிக்கும் வீடுகளாகவும் தேநீர்ச் சாலைகளாகவும் அவை இன்று பயன்படுகின்றன. மாளிகை பெருமைக்கு வேண்டும். கொட்டகையோ எந்தக் காலத்திலும் உபயோகத்துக்கு வேண்டும்.

மாண்டர்ஸ்டன் லாயத்தில் குதிரைகளின் பெயர்கள் பளிங்கிலே நிலைத்துவிட்டன. அவற்றுக்கு விடியற்காலையில் எழுந்து தீனி வைத்த பையன்களின் பெயரை அந்தப் பளிங்கில் தேடிப் பயனில்லை. ஆனால், அவர்களுடைய கை பட்டுப் பட்டு மெருகேறிய தேக்கு மரம் அங்கே இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் ஒரு சாஸனந்தான்.