நடுக்கடலுக்கு மேல் வழி தவறிய குட்டி விமானம்! விரலை நீட்டி சூரியனை அளந்து காப்பாற்றினார் கேப்டன்

பஸ் நடுவழியில் மக்கர் செய்தால் என்ன செய்வோம்? கண்டக்டரை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, பின்னால் வருகிற பஸ்சில் ஏறுவோம். ஸ்கூட்டர் நின்றுவிட்டால் ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, நாலு உதை உதைப்போம்.

ஆகாயத்தில் ஓரம் ஏது?

அதுவும் ஒரே எஞ்சின் உள்ள குட்டி விமானம். உள்ளே ஒரே ஒரு ஆள். கீழே பசிபிக் மகா சமுத்திரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். இறங்க வேண்டிய தீவைக் காணோம். டாங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டே வருகிறது.

1978-ம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு சில நாள் இருக்கும்போது, இப்படி ஒரு இக்கட்டில் மாட்டிக்கொண்டார் ஜே பிராக்னோ என்ற அமெரிக்கர். அவர் எப்படி உயிர் தப்பினார் என்பது சினிமாக் கதை போல இருக்கும். பிறகு சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள்!

மருந்து தெளிக்கும் விமானம்

பிராக்னோ அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்தவர். அவர் ஓட்டிய விமானம் "செஸ்னா 188". வயலுக்குப் பூச்சி மருந்து தெளிப்பதற்காகச் செய்தது. ஒரே ஒரு சீட்டுதான். அதை அமெரிக்காவில் இருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது அவருடைய வேலை. லாரி சேஸிஸை டிரைவர்கள் பாக்டரியில் இருந்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் அல்லவா, அது மாதிரி. என்ன ஒன்று, இவருக்கு வழியில் டீக்கடை கிடையாது.

சமோவா பக்கம் உள்ள பாகோ பாகோவில் இருந்து நார்போக் தீவுக்குப் போக வேண்டும். தூரம் சுமார் 2,700 கிலோ மீட்டர். 14 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். போய்ச் சேர வேண்டிய தீவோ 8 கிலோ மீட்டர் நீளம், 5 கிலோ மீட்டர் அகலம். அவ்வளவுதான். அத்தனை பெரிய சமுத்திரத்தில் இது ஒரு மிளகு.

கூடவே இன்னொரு செஸ்னாவும் கிளம்புவதாக இருந்தது. அது பாகோ பாகோவில் புறப்படும்போதே கடலில் விழுந்துவிட்டது. அதை ஓட்டியவர் உயிர் பிழைத்தார். பிராக்னோ தனியாகப் புறப்பட வேண்டியதாயிற்று.

முள் காட்டிய வழி

விடியற்காலை இருட்டில் கிளம்பினார். பொழுது விடிந்து, உச்சிப்பொழுதும் கழிந்தது. கணக்குப்படி தீவு தெரிய வேண்டிய நேரமும் வந்தது.

தீவு தெரியவில்லை!

அந்தக் காலத்துக் குட்டி விமானத்தில் இப்போது இருப்பது போல செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லும் கருவி கிடையாது. ரேடியோ திசைகாட்டி என்று ஒன்று இருக்கும். தரையில் இருந்து வரும் ரேடியோ சைகை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் முள் திரும்பும். அந்த முள்ளை நம்பித்தான் அத்தனை தூரம் வந்தார். அது கோளாறாகிக் கிடந்தது அப்போதுதான் தெரிந்தது.

எந்தப் பக்கம் தப்பினோம், எவ்வளவு நேரமாகத் தப்பினோம் என்று தெரியாது. அங்கும் இங்கும் சுற்றித் தேடிப் பார்த்தார். பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தை ரேடியோவில் கூப்பிட்டு, வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பெரிய விஷயம்தான். "நான் வழி தவறிவிட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்பட்டு, இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம், இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று பெட்ரோலைத் தீர்த்தவர்கள் உண்டு. புது ஊரில் வழி கேட்க வெட்கப்படும் ஆண்பிள்ளைகள் தரையில் மட்டும் இல்லை!

அதனால்தான் விமானப் பள்ளிகளில் இதை மனப்பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். வழி தவறினால் மேலே ஏறு, ரேடியோவில் பேசு, தவறியதை ஒத்துக்கொள், சொன்னபடி கேள், பெட்ரோலை மிச்சம் பிடி. மேலே ஏறினால் ரேடியோ அதிக தூரம் எட்டும் என்பது அதில் உள்ள சூட்சுமம்.

கதவு திறந்தால்...

குட்டி விமானத்தில் வரும் கோளாறுகளில் பாதி, ஆளைக் கொல்லும் கோளாறே அல்ல. பதட்டம்தான் கொல்லுகிறது.

உதாரணத்துக்கு, கதவு. சரியாகச் சாத்தாமல் கிளம்பினால் ஆகாயத்தில் "படார்" என்று திறந்துகொள்ளும். காற்று பேய்க்கூச்சல் போடும். மடியில் இருந்த மேப் பறக்கும். ஆனால் பெரும்பாலான குட்டி விமானங்களில் எதிர்க்காற்று கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் விரிசல் விட்டு நிற்குமே தவிர, முழுவதும் திறக்காது. விமானம் பாட்டுக்குப் பறக்கும். அப்படியே வட்டமடித்து வந்து இறங்கிவிட்டால் தீர்ந்தது. கதவைச் சாத்துகிறேன் என்று கையை நீட்டி, ஓட்டுவதை விட்டுவிட்டு, மூக்குக் குப்புற விழுந்தவர்கள்தான் அதிகம் செத்திருக்கிறார்கள்.

எஞ்சினே நின்றுவிட்டால்? கல்லு மாதிரி விழாது. செஸ்னா ரகத்து விமானம் 5,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்றில் சறுக்கிக்கொண்டே 12, 13 கிலோ மீட்டர் போகும். அதற்குள் ஒரு வயலையோ மைதானத்தையோ பார்த்துக்கொள்ளலாம். கிளம்பிய உடனே, தாழ்வாக இருக்கும்போது நின்றால்தான் ஆபத்து. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று மனசு இழுக்கும். திரும்பப் போதிய உயரம் இருக்காது. நேரே முன்னால் இருக்கும் இடத்தில் இறக்கு என்பதுதான் பாடம்.

கார்புரேட்டரில் ஐஸ்!

இன்னொன்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். வெயில் அடிக்கும் நாளில் கூட கார்புரேட்டருக்குள் ஐஸ் கட்டும்! பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் உறைந்து, தொண்டையை அடைக்கிறது. எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது.

இதற்கு மருந்து ஒரு குமிழ். இழுத்தால் புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போகும், ஐஸ் உருகும். ஆனால் உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால், குமிழை இழுத்த கையோடு எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமும். அனுபவம் இல்லாதவர் "ஐயோ, தப்பாகிவிட்டதே" என்று குமிழைத் திரும்பத் தள்ளிவிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் எஞ்சின் சுத்தமாக ஓடியிருக்கும்.

சரி, நடுக்கடலில் ஆளை விட்டுவிட்டு வந்துவிட்டோம். பிராக்னோவிடம் போவோம்.

ஜம்போ விமானத்தில் ஒரு கேப்டன்

அவருடைய நல்ல காலம், அதே நேரத்தில் பிஜித் தீவில் இருந்து ஆக்லாந்துக்கு ஏர் நியூசிலாந்தின் பெரிய டி.சி.10 விமானம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 88 பயணிகள். கேப்டன் பெயர் கார்டன் வெட். ஆக்லாந்தில் இருந்து அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் பயணிகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தேடும் வேலையில் இறங்கினார்.

வெட் வெறும் விமானி மட்டும் அல்ல. நட்சத்திரத்தையும் சூரியனையும் பார்த்து இடம் கணக்கிடும் "நேவிகேட்டர்" படிப்பும் படித்தவர். அதே படிப்பு படித்த இன்னொரு விமானி, மால்கம் போர்சைத், அன்று பயணிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்! அவரையும் முன்னால் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கருவி கெட்டுப்போனால் என்ன, சூரியன் கெட்டுப்போகவில்லையே என்று யோசித்தார் வெட்.

விரல் கணக்கு

பிராக்னோவை விமானத்தின் மூக்கை நேராகச் சூரியனைப் பார்த்துத் திருப்பச் சொன்னார். தன் விமானத்தையும் அப்படியே திருப்பினார். இரண்டு பேருடைய திசைகாட்டி எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அடுத்து, கையை நேராக நீட்டி, கடலும் வானும் தொடும் கோட்டுக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

பிராக்னோவுக்கு நாலு விரல். வெட்டுக்கு இரண்டு விரல்.

விடை கிடைத்துவிட்டது! சாயங்காலம். சூரியன் மேற்கே இறங்குகிறது. யாருக்குச் சூரியன் இன்னும் உயரத்தில் நிற்கிறதோ, அவர் மேற்கே இருக்கிறார் என்று அர்த்தம். நீட்டிய கையில் ஒரு விரல் என்பது சுமார் 2 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல். அப்படியானால் குட்டி விமானம் தங்களுக்கு மேற்கே 240 கடல் மைல் வாக்கில் இருக்க வேண்டும். துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றும் தெரியாமல் இருந்த இடத்தில் ஒரு திசை கிடைத்தது.

டி.சி.10 மேற்கே திரும்பியது. சற்று நேரத்தில் குறுகிய தூரம் மட்டும் எட்டும் ரேடியோவில் பிராக்னோவின் குரல் கேட்டது!

குரல் கேட்கத் தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். நேராகப் பறந்து, குரல் மறைந்த இடத்தையும் குறித்தார்கள். இப்படி வளைத்து வளைத்துப் பறந்து, குரல் கேட்கும் வட்டத்தின் நடுவிடம் எங்கே என்று தேடினார்கள். குரல் கேட்கிறது. ஆளைத்தான் காணோம். ஆகாயத்தில் அந்தக் குட்டி விமானம் வெறும் புள்ளி.

சூரியன் மறைந்தது

இருட்டத் தொடங்கியது. இனி சூரியன் உதவாது என்று நினைப்போம். கடைசியாக மறைந்த நேரத்தையும் வெட் விடவில்லை!

பிராக்னோவுக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது, நார்போக் தீவில் எத்தனை மணிக்கு மறைந்தது என்று விசாரித்தார்கள். பிராக்னோவுக்கு 22 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே முந்தி மறைந்திருந்தது. பூமி ஒரு டிகிரி சுற்ற 4 நிமிஷம் ஆகும். ஆக, தீவுக்குக் கிழக்கே ஐந்தரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். கடல் மைல் கணக்கில் சுமார் 290. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நேர்கோட்டில் உள்ள தூரத்தை ஒட்டி வரும்.

ராத்திரி, நடுக்கடல், பெட்ரோல் கடைசிக் கட்டம்.

கடலில் ஒரு வெளிச்சம்

அப்போது கீழே ஒரு விளக்கு வெளிச்சம் தெரிந்தது. கப்பல் அல்ல, கடலில் எண்ணெய் துளைக்கும் "பென்ரோட்" என்ற பிரம்மாண்டமான மேடை. நியூசிலாந்தில் இருந்து சிங்கப்பூருக்கு அதை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

மேடை எங்கே இருக்கிறது என்பது அதில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு, தீவு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மிச்சம் இருக்கும் பெட்ரோலில் போய்விடலாம் என்று தெரிந்த பிறகே டி.சி.10 ஆக்லாந்துக்குத் திரும்பியது. ரொம்பத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. நியூசிலாந்து விமானப் படையின் ஓரியன் விமானம் ஒன்று பிராக்னோவுக்குத் துணையாக வந்தது.

நள்ளிரவு வாக்கில் நார்போக் தீவில் பத்திரமாக இறங்கினார் பிராக்னோ. 14 மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பியவர், தனி ஆளாக, ஒரே சீட்டில் உட்கார்ந்து பறந்தது 23 மணி 5 நிமிஷம்!

கேப்டன் வெட் என்ன ஆனார்? அடுத்த ஆண்டு, 1979 நவம்பர் 28-ந் தேதி, இதே கம்பெனியின் இன்னொரு டி.சி.10 அண்டார்டிகாவில் எரிபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தார்கள். எதிரே நின்ற மலை விமானிகளின் கண்ணுக்கு ஏன் தெரியாமல் போனது என்று வெட் தானாகவே ஆராய்ச்சியில் இறங்கி, 1983-ல் புத்தகமும் எழுதினார். 2015-ல் காலமானார்.

விரல் கணக்குக் கதையை 1993-ல் அமெரிக்க டெலிவிஷனுக்காகப் படம் பிடித்தார்கள். கேப்டனாக நடித்தவர் ராபர்ட் லோஜியா. குட்டி விமானத்தில் தவித்தவராக நடித்தவர் ஸ்காட் பக்குலா.