ஓட்டை விழுந்த கீரையெல்லாம் ஆர்கானிக் கீரையா?



"டிரசர், ஆர்கானிக்னு சொல்லி ரெண்டு மடங்கு வெலை வாங்குறாங்க. உண்மைதானா?" என்று தோட்ட ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சம்பாதித்த வெள்ளி அல்லவா?

நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நோயிலிருந்து எழுந்த சமயம். இரவுச் சந்தையில் ஒரு கடைக்காரர் சாவிக் கீரையைத் தூக்கிக் காட்டினார். "ஓட்டையைப் பாருங்க. மருந்து அடிச்சிருந்தா பூச்சி திங்குமா?" என்றார். நானும் நம்பி வாரா வாரம் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். ஒருநாள் நம் தோட்டத்து இளைஞர் ஒருவர் தலைசுற்றல், வாந்தி என்று வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. விசாரித்தால், வேலை முடிந்தபின் வெளியே ஒரு காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கப் போகிறாராம். "நேத்து சாயங்காலம்தான் சாவிக்கு அடிச்சேன். இன்னைக்குப் புடுங்கிட்டாங்க," என்றார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். நான் வாங்கிய அதே கீரை!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூச்சி முதலில் தின்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் மருந்து அடிக்கிறார்கள். பூச்சி சாகும், ஓட்டை இலையிலேயே இருக்கும். ஆகவே ஓட்டை ஒரு சாட்சி ஆகாது. சிறிய காய், கோணல் காய், மண் ஒட்டிய வேர், இவையும் சாட்சி அல்ல. கண்ணாலும் மூக்காலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பின் எப்படித்தான் அறிவது?

1. முத்திரையைப் பாருங்கள். நம் நாட்டில் விவசாய இலாகா கொடுக்கும் முத்திரை 'மைஆர்கானிக்'. முன்பு எஸ்.ஓ.எம். என்று இருந்த திட்டம்தான் இது. எம்.எஸ். 1529 என்ற மலேசியத் தரத்தின்படி தோட்டத்தைப் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். வெறும் பச்சை இலைப் படமும் 'இயற்கை' என்ற எழுத்தும் முத்திரை ஆகாது.

2. 'மைகேப்' வேறு, 'மைஆர்கானிக்' வேறு. மைகேப் என்பது நல்ல விவசாய முறைக்கான சான்று. அதில் பூச்சி மருந்தை விதிப்படி அடிக்கலாம். அது கெட்ட காய்கறி அல்ல. ஆனால் ஆர்கானிக்கும் அல்ல. தண்ணீரில் வளர்க்கும் காய்கறியும் அப்படித்தான். மண் இல்லை என்பதால் ஆர்கானிக் ஆகிவிடாது.

3. கூச்சப்படாமல் கேளுங்கள். "சிஜில் இருக்கா? யார் பேர்ல? எது வரைக்கும்?" சான்றிதழில் இருக்கும் தோட்டமும் பையில் இருக்கும் தோட்டத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது. "பூச்சி வந்தா என்ன செய்வீங்க? என்ன உரம் போடுறீங்க?" என்றும் கேளுங்கள். சொந்தமாகப் பயிர் செய்கிறவர் விவரமாகச் சொல்வார். மொத்தக் கடையில் வாங்கி விற்கிறவர் மழுப்புவார்.

4. 'மருந்து எச்சம் இல்லை' என்ற பரிசோதனைச் சீட்டைக் காட்டினால், அது நல்ல செய்திதான். ஆனால் ரசாயன உரம் போட்டார்களா என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

முத்திரை இல்லையா? சாதாரண விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்காகக் காய்கறி சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கீரையும் காயும் அவசியம் வேண்டும். முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள். கீரையை இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு வேண்டாம். மேலே படிந்த மருந்து இதில் ஓரளவு குறையும். செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்து கழுவினாலும் முழுதும் போகாது. அதனால்தான் மருந்து அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று புட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆர்கானிக் கீரையையும் கழுவத்தான் வேண்டும். கோழி எருவில் கிருமி உண்டு.

சந்தேகமே இல்லாத கீரை வேண்டுமானால் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போடுங்கள். ஆனால் மூன்று விஷயம் ஞாபகம் இருக்கட்டும். களைக்கொல்லி அடிக்கும் ஓரத்தில் பாத்தி வேண்டாம். காற்றில் சாரல் வரும். மருந்து அடிக்கும் பம்பை வீட்டுப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடித்து ஊற்றவே கூடாது. பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை இருக்கிறது. பழைய புட்டி எங்காவது கிடந்தால் பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.

பகுதி நேரமாக மருந்து அடிக்கப் போகும் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பூச்சி 'மருந்து' என்கிறோம்; அது விஷம். சாப்பிடுகிறவருக்கு ஒரு துளி என்றால் அடிக்கிறவருக்கு ஒரு பம்பு. தலைசுற்றல், அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்கல் வந்தால் வேலையை நிறுத்தி, உடுப்பை மாற்றி, உடம்பைக் கழுவிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். நேரத்தோடு வந்ததால்தான்.

மலாயில், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதே, படிக்கத் தெரியாதே என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். கீரைப் பையில் உள்ள சீட்டானாலும் சரி, மருந்துப் புட்டியின் சீட்டானாலும் சரி, கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.