ஏலமலைக் கூலி – 8: காலை ஆறு மணி விலை

பெட்ரோல் பங்க்கில் விலை மாறுவது காலை ஆறு மணிக்கு. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க இதுதான் ஏற்பாடு. அந்த நேரத்தில் போடிநாயக்கனூரிலிருந்து தோட்ட வேலைக்குக் கிளம்பும் ஜீப்புகள் பலவும் ஊரில் இருக்காது. முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் முனகிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் பெண்கள் மூன்று மணிக்கே எழுந்து, சோறு வடித்து, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு வந்தவர்கள். அன்றைக்கு டீசல் ஏறியதா இறங்கியதா என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, ஜீப்பில் உட்காரும் இடம் இன்னும் கொஞ்சம் குறுகும்போது தெரியும்.

சென்ற வாரம் தோட்டத்துக் கூலி எப்படிப் பேசப்படுகிறது என்று பார்த்தோம். அந்தக் கூலிக்குள் டீசல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்த வாரக் கணக்கு.

பெட்ரோல் விலை என்றதும் பட்டணத்து ஆளுக்குத் தன் பைக் ஞாபகம் வரும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு இரண்டு எண்ணெயும் வேண்டும். வீட்டிலிருந்து ஜீப் நிற்கும் இடத்துக்கு, ரேஷன் கடைக்கு, மாட்டுக்குப் புல் கொண்டுவர ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், அதற்குப் பெட்ரோல். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று மலைக்குப் பின்னால் கேரளத்தில் விரிந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போக ஜீப், அதற்கு டீசல்.

ஜீப்பை எடுத்துக்கொள்வோம். போடியிலிருந்து சாந்தன்பாறைப் பக்கம் போய்வர எண்பது கிலோமீட்டர் என்று வையுங்கள். மலை ஏற்றத்தில் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தால் அது நல்ல வண்டி. நாளுக்கு எட்டு லிட்டர் ஆகிறது. 2022 மார்ச் 22-இல் தொடங்கி ஏப்ரல் 6 வரை பதினான்கு முறை விலை ஏற்றினார்களே, அந்தப் பதினாறு நாளில் சென்னைக் கணக்கில் டீசல் 91.43 ரூபாயிலிருந்து 100.94 ரூபாய்க்குப் போனது. லிட்டருக்கு ஒன்பதரை ரூபாய். எட்டு லிட்டருக்கு 76 ரூபாய்.

வண்டியில் எட்டுப் பேர் இருந்தால் தலைக்கு ஒன்பதரை ரூபாய். பதினாறு பேரை ஏற்றினால் நாலே முக்கால். மாதம் 24 நாள் வேலை, வீட்டில் இரண்டு பேர் போகிறார்கள் என்றால், முன்னதில் 456 ரூபாய், பின்னதில் 228 ரூபாய். அதாவது இரண்டு மடங்கு கூட்டத்தில் நசுங்கி உட்கார்ந்தால் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 228 ரூபாய் மிச்சம். மலைச்சாலையில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் ஜீப்புகளைப் பற்றி அதிகாரிகள் எச்சரிப்பதும், சோதனை நடப்பதும், ஒரு விபத்து நடந்தால் பத்து நாள் பரபரப்பாக இருந்து அடங்குவதும் இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்த சங்கதி. ஓட்டுநரின் பேராசை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். என் பார்வையில் அந்தக் கூட்டத்துக்குள் டீசல் விலையும் உட்கார்ந்திருக்கிறது. பங்க்கில் ரூபாயாகத் தெரிகிற ஏற்றம், மலையில் ஆள் கணக்காக மாறிவிடுகிறது.

ஜீப் வாடகை யார் பொறுப்பு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். ஓரிடத்தில் கூலியில் கழியும், இன்னோரிடத்தில் தோட்டக்காரர் தனியாகக் கொடுப்பார். அவர் கொடுத்தால் தொழிலாளிக்கு நஷ்டம் இல்லையே என்று தோன்றலாம். அடுத்த முறை கூலி உயர்வு கேட்கும்போது அந்த வண்டி வாடகைதான் முதல் பதிலாக வந்து நிற்கும். கூலி ஏறுவது வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் பேசிப் பேசி. டீசலுக்கு அப்படி யாரிடமும் பேச வேண்டியதில்லை.

2022-இன் அந்தப் பதினாறு நாளுக்கு இன்னொரு கொடுமை உண்டு. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் விலை அசையாமல் நின்றது. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்தது, பிறகு மொத்தமாக ஏறியது. ஏறிய மாதங்கள் எவை? ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்து தை, மாசியோடு ஓய்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் கவாத்து, தண்ணீர் பாய்ச்சுவது, நிழல் சரிசெய்வது போன்ற வேலைகள்தான். ஆள் தேவை குறைவு. வேலை நாள் குறையும் நேரத்தில்தான் டீசல் நூறைத் தொட்டது. தோட்டக்காரருக்கும் அதே மாதங்களில் மோட்டார் ஓட்ட டீசல் வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. சிறு தோட்டக்காரர் செலவைக் குறைக்கத் தொடங்கினால் முதலில் குறைவது ஆள் கூலிதான்: களை ஒருமுறை தள்ளிப்போகும், மருந்தடிப்பு ஒருமுறை தள்ளிப்போகும். தள்ளிப்போன ஒவ்வொன்றும் கீழே போடியில் யாரோ ஒருவருக்கு வேலையில்லாத நாள். காய் ஏழாயிரம் விற்ற வருஷம் கூலி ஏழு மடங்கு ஆகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்ட் 13 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன, உழைக்கும் ஏழைகளின் வாகனம் அதுதான் என்பது அவர் சொன்ன காரணம். சரியான காரணம், எக்ஸ்எல்லுக்கு அது உதவியது. டீசலில் கை வைக்கவில்லை. சொகுசுக் காரும் தோட்ட ஜீப்பும் ஒரே குழாயில் எண்ணெய் பிடிக்கும்போது ஜீப்புக்கு மட்டும் குறைப்பது எப்படி என்ற சிக்கல் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தச் சலுகையில் ஜீப் விடுபட்டது உண்மை.

அதே 2021 மே மாதம் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து இன்னும் பெரிய உதவி. ஆனால் அது வந்தது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு. போடிப் பெண் ஒருவர் தேனிச் சந்தைக்குக் காசில்லாமல் போய்வரலாம்; பிழைப்புக்காக மலையேற வேண்டுமென்றால் ஜீப்தான். 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மறுபடியும் ரயில் வருகிறது. மீட்டர் கேஜ் பாதையை மூடிப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ரயில். அதுவும் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. விடியற்காலையில் தோட்டங்களுக்கென்றே இரண்டு மாநிலங்களும் பேசிப் பத்துப் பேருந்து விட்டால் எத்தனையோ ஜீப் நெரிசல் குறையும். பர்மிட் பேச்சு என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று சொல்வார்கள். இழுக்கட்டும், தொடங்கவாவது வேண்டாமா?

எல்லைக்கோடு எண்ணெய் விலையிலும் விளையாடுகிறது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டது. மேலே விலை கூடுதல், கீழே கொஞ்சம் குறைவு. ஆகவே சரக்கு ஏற்ற இறங்கி வருகிற வண்டி, திரும்புமுன் போடியில் டேங்கை நிரப்பிக்கொள்ளும். பூப்பாறைக் கடையில் விற்கும் அரிசியும் காய்கறியும் கீழிருந்து ஏறுவதுதான். தோட்டத்து லயத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்களுக்கு ஜீப் செலவு இல்லை, ஆனால் வெங்காயத்தோடு சேர்த்து டீசலையும் வாங்குகிறார்கள்.

கச்சா எண்ணெய் விலை சரிந்தபோதாவது மூச்சு விட முடிந்ததா? 2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் அது தரைதட்டியது. மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் உயர்த்தி அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அப்போது தோட்டத் தொழிலாளிக்கு எண்ணெய் விலை ஒரு பொருட்டே இல்லை. கொரோனா ஊரடங்கில் எல்லை மூடியிருந்தது, ஜீப்பே ஓடவில்லை. வண்டி இல்லாவிட்டால் இந்த மலை என்ன செய்யும் என்பதை அந்த மார்ச் மாதமே காட்டியது. பூப்பாறைப் பக்கத்திலிருந்து பழைய காட்டுப் பாதையில் நடந்து இறங்கிய தொழிலாளர்களில் சிலர் இராசிங்காபுரம் அருகே காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள்.

ஜீப் வருவதற்கு முன்பு எல்லாரும் நடந்த பாதைகள் அவை. மலையின் கிழக்கு ஓரம் முழுக்க மெட்டு மெட்டாக இருக்கின்றன. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்குக் கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது. இடையில் இருந்த நிலையத்தின் பெயரால் ‘சென்ட்ரல்’ என்று ஒரு மலைக்கிராமம் இன்றும் இருக்கிறது. சரக்குக்குக் குறுக்குவழி கண்டுபிடித்தவர்கள் ஆளுக்காக அப்படிக் கவலைப்படவில்லை.

இந்த மெட்டுகளில் தேவாரத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது சாக்குலூத்துமெட்டுச் சாலை. நேராக ஏறினால் சில கிலோமீட்டர். இப்போது போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிப் போகிறார்கள், சுற்றுகிற கிலோமீட்டருக்கெல்லாம் டீசல் போட்டு. குறுக்கே நிற்பது வனத்துறை நிலம். சாலை வேண்டும் என்கிற கூலிக்காரர் பக்கமும், காடு வேண்டும் என்கிறவர் பக்கமும் நியாயம் இருப்பதால் நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அடுத்த வாரம் தேவாரம் போவோம்.

(தொடரும்)