அடைப்பு நீங்கிய பின்னும் ஏன் இந்தக் காவல்?

“அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று, நோயாளி நன்றாகப் பேசுகிறார். பின்னும் ஏன் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலேயே வைத்திருக்கிறீர்கள்?” மாரடைப்புக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை சற்று முரணாகத் தோன்றலாம்: நின்றுபோன இரத்தம் திரும்பி வருவதும் இதயத்துக்குச் சிறிது காலம் ஒரு சோதனையே.

இரத்தம் கிட்டாத இதயத்தசையில் அமிலமும் சோடியமும் கால்சியமும் தேங்குகின்றன. அந்நிலையில் ஆக்சிஜன் திடீரெனப் பாயும்போது, அதில் ஒரு பகுதி சூப்பராக்சைடு என்னும் தீவிர மூலக்கூறாக மாறி, உயிரணுக்களின் சவ்வைத் தாக்குகிறது. கால்சியத்தின் சமநிலை மேலும் குலைகிறது. தசையணுக்கள் தம் முறை வருமுன்பே மின்தூண்டலை எழுப்புகின்றன. இவ்வாறு எழும் சீரற்ற துடிப்புகளில் சில தாமாகவே அடங்கிவிடும். ஆனால் கீழறை நடுக்கம் அப்படியன்று; உடனே மின்னதிர்ச்சி கொடுக்காவிடில் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே இந்தக் காவல்.

உடலுக்குள்ளும் காவலர்கள் உண்டு. 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், சூப்பராக்சைடை அகற்றும் ஒரு புரதத்தின் செயலைக் கண்டறிந்தனர். அதன் பெயர் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். அது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். இதுவும் தீங்கானதே என்பதால், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய வேறு புரதங்கள் அதனை நீராக்குகின்றன. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் வேலை இது. இடையில் ஒருவர் தளர்ந்தாலும் பயனில்லை.

அப்படியானால் இப்புரதத்தை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? விலங்குகளின் இதயங்களில் செய்த சில சோதனைகளில் துடிப்புக் கோளாறு குறைந்தது. வேறு சிலவற்றில் குறையவில்லை. மாரடைப்பு நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. இதயத்தின் செயல்திறன் கூடவில்லை. ஆய்வுக்கூடத்து நம்பிக்கை மனித உடலில் அப்படியே பலிப்பதில்லை என்பதை மருத்துவர்கள் இத்துறையில் பலமுறை கண்டிருக்கிறோம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு’ என்று எழுதிய மாத்திரைப் புட்டிகளை உறவினர் அன்போடு வாங்கி வருகின்றனர். வாயால் உண்ணும் புரதம், பருப்பையும் முட்டையையும் போலவே செரித்துவிடும். இதயத்தசைக்குக் காவலராகச் சென்று சேராது. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் ஆகியவற்றை 20,536 பேரிடம் ஐந்தாண்டுகள் சோதித்த பிரிட்டன் ஆய்வு (2002) மாரடைப்பைத் தடுப்பதில் எப்பயனையும் காட்டவில்லை. வைட்டமின் ஈ மிகுந்த அளவில் உட்கொண்டால், இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்துகளோடு சேர்ந்து இரத்தக்கசிவைக் கூட்டவும் கூடும். ஆகவே எந்தப் புட்டியையும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்கறி, பழம் உண்பதற்கு இத்தடை இல்லை.

திரையில் ஒலி எழுந்தவுடன் கலங்க வேண்டாம்; நோயாளி புரண்டு படுத்து மின்வாய் கழன்றாலும் ஒலிக்கும். செவிலியர் வேறுபாட்டை அறிவர். ஆனால் நோயாளிக்குப் படபடப்போ, தலைசுற்றலோ, மீண்டும் நெஞ்சுவலியோ தோன்றினால், “சிறிது பொறுத்துப் பார்ப்போம்” என்று இராமல் அப்போதே சொல்லச் செய்யுங்கள். வீடு திரும்பிய பின், துடிப்பைக் கட்டுப்படுத்தத் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். மயங்கி விழுந்தால், தெளிந்துவிட்டாலும்கூட, தாமதியாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.