எந்தச் செயலி என்பதே முதல் பாடம்

மும்பை தாராவியில் பொதுக்குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க வராது. வரும் நேரத்தில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைகள்தான். இடம் பிடிப்பதில் சண்டை வரும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். நெல்லைச் சீமையிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் அந்தத் தாராவியில், நயா நகர் சிறுமிகள் சிலர் இதற்கு ஒரு செயலி செய்தார்கள். குடும்பங்கள் தங்கள் முறையைப் போனிலேயே பதிந்துகொள்ளலாம். முறை வந்ததும் தகவல் வரும். ஆபத்து நேரத்தில் அபாய ஒலி எழுப்பி, இருக்கும் இடத்தையும் அனுப்பும் பெண்கள் பாதுகாப்புச் செயலி ஒன்றும் அவர்கள் கைவண்ணம்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியவர் நவ்நீத் ரஞ்சன் என்ற ஆவணப்பட இயக்குநர். தாராவியைப் படமெடுக்க வந்தவர், பின்னர் அங்கேயே ‘தாராவி டைரி’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் பயன்படுத்திய கருவி ‘ஆப் இன்வென்டர்’. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் செயலி உருவாக்கக் கற்றுத்தர நினைக்கும் எந்த ஆசிரியரும் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

பூனை கத்தும் முதல் வகுப்பு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹால் ஏபெல்சன், கூகுள் நிறுவனத்தில் இருந்தபோது 2009இல் தொடங்கிய முயற்சி ஆப் இன்வென்டர். 2012 முதல் அந்தக் கல்விக்கழகமே நடத்துகிறது, கட்டணம் கிடையாது. இதன் வேர் இன்னும் பழையது. குழந்தைகள் எதையாவது உருவாக்கும்போதுதான் ஆழமாகக் கற்கிறார்கள் என்று சொன்ன சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் உருவாக்கிய ‘லோகோ’ மொழியின் வழிவந்தது.

பிரவுசரில் திறந்தால் இரண்டு பக்கங்கள். ஒன்றில் திரையை அடுக்கலாம்: பொத்தான், படம், எழுத்துப் பெட்டி. இன்னொன்றில் வண்ண வண்ண பிளாக்குகளைக் கோத்து, அவை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லலாம். அரைப்புள்ளி விட்டுப்போனதால் வரும் பிழைச்செய்தி இங்கே இல்லை. பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது. முதல் பயிற்சியில் ஒரு பூனைப் படம். தொட்டால் மியாவ் என்று கத்தும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் அது மாணவரின் போனிலேயே ஓடும்.

விளையாட்டாகத் தெரியும் இந்தப் பூனைக்குள் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. நம் மேல்நிலை வகுப்புகளில் சி++, பைத்தான் படிக்கும் மாணவர்கள் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடி, விடையைக் காட்டிவிட்டு முடிந்துபோகும். செயலி அப்படியல்ல. அது காத்திருக்கும். விரல் படும்போது, போன் குலுங்கும்போது, குறுஞ்செய்தி வரும்போது விழித்துக்கொள்ளும். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற இந்தச் சிந்தனை கைவந்த மாணவருக்கு, லிஃப்ட் முதல் ஏ.டி.எம். வரை சுற்றியுள்ள இயந்திரங்கள் எப்படி யோசிக்கின்றன என்பது விளங்கிவிடும்.

கணினிக்கு வெளியே இருக்கும் பாடம்

ஆனால், பிளாக் கோப்பது எளிய பகுதி. எதைச் செய்வது என்று முடிவெடுப்பதே கடினம். என்ன செயலி செய்யலாம் என்று ஒரு வகுப்பைக் கேட்டால், புது இன்ஸ்டாகிராம், புது வாட்ஸ்அப் என்றே பதில் வரும். அங்கேதான் ஆசிரியர் தேவைப்படுகிறார். யார் பயன்படுத்தப் போகிறார்கள்? அவர்கள் இப்போது அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள்? ஒரு தாளும் பேனாவும் போதாதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல மாணவர் வெளியே போய் நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும். பாட்டி எந்த மாத்திரையை எப்போது மறக்கிறார், கடைசிப் பேருந்து போய்விட்டதா என்று ஊரார் யாரிடம் விசாரிக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

நல்ல பிரச்சினை கிடைத்துவிட்டால் கணினிப் பாடம் தானாகவே பின்தொடரும். தண்ணீர் வரிசையையே எடுத்துக்கொள்வோம். பட்டியல் ஒரே போனில் இருந்தால் பயனில்லை. எல்லோருடைய போனும் ஒரே பட்டியலைக் காட்ட வேண்டும். அப்படியென்றால் தகவலை எங்கே சேமிப்பது? இரண்டு பேர் ஒரே நொடியில் பெயரைப் பதிந்தால் யாருக்கு முதலிடம்? ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு என்ன வழி? முதல் இரண்டும் கல்லூரியில் தரவுத்தளப் பாடமாக வருபவை. மூன்றாவது எந்தப் பாடப்புத்தகத்திலும் எளிதில் கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பாடம் இன்னும் முக்கியமாகிவிட்டது. என்ன வேண்டும் என்று சாதாரணச் சொற்களில் சொன்னால் செயலியைக் கட்டித் தரும் ‘ஆப்ட்லி’ என்ற கருவியை ஆப் இன்வென்டர் குழுவினரே உருவாக்கியிருக்கிறார்கள். கட்டுவது இயந்திரத்தின் வேலையாக மாறும்போது, எதைக் கட்டச் சொல்வது, கட்டியது சரியா என்று எப்படிச் சோதிப்பது என்பவையே மாணவருக்கான பாடம்.

சில நடைமுறைகள்

பிளாக்கில் தேறியவர்கள் அடுத்து கோட்லின் மொழிக்குப் போகலாம். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு அதையே முதன்மை மொழி என்று கூகுள் 2019இல் அறிவித்தது. ஆனால், அதற்கான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். பல பள்ளிக் கணினிகள் திணறிவிடும். பிளாக்கில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளே ஸ்டோரில் ஏற்றும் ஆசையில் அவசரம் வேண்டாம். கணக்குத் தொடங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 25 டாலர் கட்டணம் உண்டு. புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குபவர், குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டவும் வேண்டும். செயலியின் நிறுவல் கோப்பை (ஏபிகே) நண்பர்களின் போனில் நேரடியாக நிறுவிப் பார்ப்பதே பள்ளிக்குப் போதுமானது.

இன்னொன்று, தகவல் பாதுகாப்பு. வகுப்புத் தோழர்களின் பெயர், போன் எண், இருப்பிடம் ஆகியவற்றைச் சேகரிக்கும் செயலி விளையாட்டுப் பொருள் அல்ல. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ‘இந்தத் தகவல் உண்மையிலேயே தேவையா?’ என்று தன் செயலியைப் பார்த்துக் கேட்டுப் பழகிய மாணவர், நாளை தன் போனில் அனுமதி கேட்கும் ஒவ்வொரு செயலியிடமும் அதையே கேட்பார்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? அமெரிக்காவின் ‘ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ்’ தேர்வில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மாணவர் தன் சொந்த நிரலையும் அது ஓடும் வீடியோவையும் ஒப்படைக்க வேண்டும். தேர்வறையில் தன் நிரல் பற்றிய கேள்விகளுக்கு எழுதி விடையளிக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு இதற்கு. ஆப் இன்வென்டரில் செய்த செயலியையும் ஒப்படைக்கலாம். இயந்திரம் எழுதித் தந்ததை அப்படியே கொடுத்தவர் தேர்வறையில் மாட்டிக்கொள்வார்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாரம் ஒரு பாடவேளை, இணையம் உள்ள சில கணினிகள், ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். முதல் வாரம் கணினியைத் திறக்காதீர்கள். மாணவர்களை ஊருக்குள் அனுப்பி, ஒரு பிரச்சினையோடு திரும்பி வரச் சொல்லுங்கள்.