பிரின்ட் எங்கே போச்சு?

'பிரின்ட்' பட்டனை அமுக்குறீங்க. ஒண்ணும் வரலை. மறுபடி அமுக்குறீங்க. ம்ஹூம்! கடுப்பாகி மூணாவது தடவையும் ஒரு தட்டு... அந்த மூணு தட்டுல எவ்வளவு பெரிய வில்லங்கம் இருக்குன்னு தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்?

நிலக்கோட்டையில் எங்க ஏரியா பிரவுசிங் சென்டர். காலையில் பூ மார்க்கெட் வியாபாரிகளுக்கு பில், சாயங்காலம் நம்ம கூட்டத்துக்கு ரெக்கார்டு, பயோடேட்டான்னு எப்பவும் பிஸி. அன்னிக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஒரு தங்கச்சி மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக் பக்கம் மூணையும் பென் டிரைவ்ல கொண்டுவந்திருந்தாள். மூணு தடவை பிரின்ட் கொடுத்தும் பேப்பர் வரலை. மணி நாலரை. அழாத குறையா பக்கத்துக் கடைக்கு ஓடி, எப்படியோ விண்ணப்பத்தைக் கொடுத்துட்டாள். அதோட முடிஞ்சுதா? அதான் இல்லை!

நாலு நாள் கழிச்சு, சர்வீஸுக்குப் போயிருந்த லேசர் பிரின்டர் திரும்பி வந்தது. கேபிளைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும், யாரும் கேட்காமலே கடகடன்னு பேப்பரைத் துப்ப ஆரம்பிச்சது. அந்தத் தங்கச்சியோட ஆதார், பேங்க் அக்கவுன்ட் நம்பர் எல்லாம் மூணு மூணு காப்பி! பில் வாங்க வந்த பூ வியாபாரி ஒருத்தர், 'பின்பக்கம் வெள்ளையா இருக்கே, கணக்குப் போட ஆகும்'னு ரெண்டு தாளை மடிச்சுப் பையில் வெச்சுட்டார். நான் பார்த்து, கேட்டு வாங்கிக் கிழிச்சுப் போட்டேன். பார்க்கலைன்னா?

பிராக்ஸி பிரின்டர்!

தப்பு எங்கே? கம்ப்யூட்டர் காட்டும் பிரின்டர் லிஸ்ட் நம்ம அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர் மாதிரிதான். ரிஜிஸ்டரில் பேர் இருந்தா ஆள் கிளாஸில் இருக்கான்னு அர்த்தமா? அதே கதை. ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணின பிரின்டரைக் கழற்றிக்கொண்டு போனாலும் அதன் பேர் லிஸ்டில் இருந்துகொண்டே இருக்கும். அதற்குக் கொடுத்த வேலை க்யூவில் காத்திருக்கும். என்றைக்கு ஆள் வருகிறதோ, அன்றைக்கு அச்சாகும்.

லிஸ்டில் பாதி நிஜ பிரின்டரே கிடையாது. 'பிரின்ட் டு பி.டி.எஃப்', 'ஃபேக்ஸ்' எல்லாம் வெறும் சாஃப்ட்வேர். ஒரே பிரின்டரை வேறு யூ.எஸ்.பி ஓட்டையில் செருகினால் சில சமயம் 'காப்பி 1' என்று புதுப் பேரில் இன்னொன்று முளைக்கும். போதாக்குறைக்கு, 2015 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, கடைசியாக எதில் பிரின்ட் எடுத்தோமோ அதையே 'டிஃபால்ட்' ஆக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. எங்க கடையில் நடந்தது அதுதான். டிஃபால்ட், சர்வீஸுக்குப் போன பிரின்டர்!

பேர் என்ன சொல்லு?

பிரின்டருக்குத் தன் பேரைச் சொல்லத் தெரியும். 1994-ல் வந்த ஐ.ட்ரிப்பிள்.ஈ 1284 என்ற தர விதிப்படி, கம்ப்யூட்டர் கேட்டால் கம்பெனி, மாடல், தனக்குப் புரியும் மொழி மூன்றையும் ஒரே வரியில் சொல்லும். யூ.எஸ்.பி பிரின்டர்களும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தன. செருகியதுமே மாடல் பெயர் திரையில் வருவது அதனால்தான்.

அப்போ, பிரின்ட் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரையே விசாரிக்க வைத்தால் என்ன? உட்கார்ந்து பத்து வரியில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். லாஜிக் ரொம்ப சிம்பிள்:

* 'வின்32_பிரின்டர்' என்ற வகுப்பிடம் மொத்த லிஸ்ட்டையும் கேளுங்க. பேர், டிரைவர், போர்ட், டிஃபால்ட்டா இல்லையா, எல்லாம் சொல்லும்.

* பி.டி.எஃப், ஃபேக்ஸ் மாதிரி டம்மிகளை போர்ட் பேரைப் பார்த்துக் கழிச்சிடுங்க.

* 'வொர்க்ஆஃப்லைன்' என்ற பகுதி 'ட்ரூ' என்றால் ஆள் ஆப்சென்ட். அதையும் தூக்குங்க.

* நெட்வொர்க் பிரின்டரா? அதன் ஐ.பி. முகவரிக்கு ஒரு 'பிங்'. பதில் வந்தால் பிரசென்ட்.

* மிஞ்சியதைக் காட்டி, 'இதில் அச்சிடவா?' என்று கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. யூ.எஸ்.பி பிரின்டருக்கு இது பெரும்பாலும் சரியா சொல்லும். பழைய பேரலல் கேபிளில் ஓடும் டாட் மேட்ரிக்ஸ் விஷயத்தில் நம்பாதீங்க. அங்கே கண்தான் ஸ்கிரிப்ட்!

சீனியர் கொடுத்த வி.பி.ஸ்கிரிப்ட் கோடு கையில் இருக்கா? அதைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே அறிவிச்சாச்சு. லாஜிக்கை வெச்சுக்கிட்டு பவர்ஷெல்லுக்கு மாறிடுங்க. லினக்ஸ் ஆட்களுக்கு இன்னும் சுலபம். 'எல்பிஸ்டாட்' ரிஜிஸ்டரைக் காட்டும், 'எல்பிஇன்ஃபோ' யார் வந்திருக்காங்கன்னு காட்டும். ரெண்டையும் ஒப்பிட்டால் பிராக்ஸி மாட்டிக்கும்.

பிரின்டர் கடுப்பு சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. எம்.ஐ.டி. லேபில் பேப்பர் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி ஒரு பிரின்டரின் புரோகிராமை மாற்றி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மேன். பிறகு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரின்டருக்கு சோர்ஸ் கோடு கிடைக்கவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் 1983-ல் அவரை 'க்னூ' திட்டத்தை அறிவிக்க வைத்தது.

ஸ்கிரிப்ட்டைக் கடைக்கார அண்ணனிடம் காட்டினேன். "ஏன் தம்பி, கேபிளைப் பார்த்தா தெரியாதா?" என்றார். "அன்னிக்கு ஏண்ணே தெரியலை?" என்றேன். சிரிச்சுக்கிட்டே, "சரி சரி, போட்டு விடு" என்றார். இப்போ கவுன்ட்டர் சிஸ்டத்தில் தினமும் காலையில் அதுதான் முதல் வேலை. பழைய க்யூவையும் காலி பண்ணிடுது.

ஸ்கிரிப்ட் எழுத வராதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை பிரவுசிங் சென்டரில் பிரின்ட் வரலைன்னா, மறுபடி மறுபடி தட்டாதீங்க. "அண்ணே, க்யூவைத் திறந்து என்னோடதை கேன்சல் பண்ணுங்க"ன்னு கேளுங்க. கேன்சல் ஆனதைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. உங்க ஆதாரோட பின்பக்கம் யாரோ மல்லிகைப்பூ கணக்கு எழுதணுமா என்ன?