மொய் நோட்டில் விடுபடும் பெயர்கள்

கல்யாண மண்டபத்தில் மணமேடையைவிட எனக்குப் பிடித்த இடம் மொய் எழுதும் மேசை. பிள்ளையார் சுழி போட்ட நீள நோட்டு, மடியில் பையை இடுக்கிக்கொண்டு ஒரு சித்தப்பா. “எந்த ஊரு? அப்பா பேரு?” என்று கேட்டுத்தான் தொகையை எழுதுவார். ஓர் ஊரைப் புரிந்துகொள்ள நினைக்கும் சமூகவியல் மாணவர் மாதக்கணக்கில் அலைய வேண்டாம். இந்த நோட்டைப் புரட்டினால் போதும். எந்தத் தெருவோடு கொடுக்கல் வாங்கல் உண்டு, எந்தத் தெருவோடு கிடையாது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் கொடையைப் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை 1925-ல் வெளியிட்டார். மனமுவந்து கொடுப்பதாகத் தோன்றும் பரிசுக்குள் மூன்று கட்டாயங்கள் ஒளிந்திருக்கின்றன என்றார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும். பசிபிக் தீவுகளையும் நம் பழைய தான தருமங்களையும் ஏடுகள் வழியாகவே ஆராய்ந்தவர் அவர். ஒரு ஆடி மாதம் பேராவூரணிப் பக்கம் வந்திருந்தால் அவருக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

அங்கிருந்து கீரமங்கலம், வடகாடு வட்டாரம் வரை ஆடியில் நடக்கும் மொய் விருந்தில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதுதான் விசேஷமே. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தல் போட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வாங்கியதற்கு மேல் புதிதாக வைப்பது ‘புது நடை’. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, வட்டியும் கிடையாது. வந்த பணத்தில் ஒருவர் போர் போடுவார், இன்னொருவர் மகளைக் கல்லூரியில் சேர்ப்பார். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது மொய்யும் சேர்ந்தே சாய்ந்தது.

இதை ஏழைகளின் வங்கி என்று மெச்சுபவர்கள் உண்டு. அதுவும் சரிதான். என் கவலை, அந்த மேசைப் பக்கமே வராதவர்களைப் பற்றியது.

எங்கள் சொந்தத்தில் கொத்தனார் மாமா ஒருவர். எந்தக் கல்யாணமானாலும் முந்தின நாளே வந்து, பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர். சாரத்திலிருந்து விழுந்து வேலை குறைந்தபின் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. கேட்டால், “உடம்பு சரியில்லப்பா.” காரணத்தை அத்தைதான் சொன்னார்: “அவங்க நமக்கு ஆயிரம் வச்சிருக்காங்க தம்பி. ஐந்நூறோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?”

ஒருவர் வராமல் போனால் கோபக்காரர் என்போம், ரோஷக்காரர் என்போம். சொந்தத்துக்குச் சொந்தம் இப்படி ஒருவர் இருந்தால்? தனி மனிதரின் சங்கடத்தைச் சமூகத்தின் பிரச்சினையோடு சேர்த்துப் பார்க்கும் கண்தான் சமூகவியல் என்று 1959-ல் எழுதினார் அமெரிக்கரான சி. ரைட் மில்ஸ். மாமாவின் உடம்பு சரியில்லை என்பது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. பெண்ணுக்கு வரன், பையனுக்கு வேலை, காலியான வாடகை வீடு என்று அத்தனை பேச்சும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில்தான் நடக்கும். ஐந்நூறு ரூபாய்க்குக் கூசி வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பேச்சும் எட்டாமல் போகிறது. யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்தான் வராமல் இருக்கிறார். இப்போது மேசையிலேயே கியூஆர் அட்டை நிற்கிறது. வராதவரும் அனுப்பலாம் என்று ஆகிவிட்டதால், உடம்பு சரியில்லை என்ற சாக்கும் இனி எடுபடாது.

போன ஆவணியில் மாமா தன் பேத்திக்குக் காது குத்தினார். பத்திரிகை அடிக்கவில்லை, யாருக்கும் சொல்லாமல் குலதெய்வக் கோயிலில் முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று சண்டைக்கே போனேன். அத்தை காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“கூப்பிட்டா நீங்க சும்மா வருவீங்களா தம்பி? எதையாவது செய்வீங்க. அப்புறம் அதையும்ல நாங்க திருப்பணும்.”